சனிக்கோள் படையும் சனிக்கிழமைப் பூஜையும்

இந்தத் தடவை சேனாபதியை ஜெயித்தே தீருவது என்று முடிவு செய்தேன். இந்த வெளிநாட்டு வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். கோடை முழுக்க என்னைத் தோற்கடித்தவர். ஆட்டம் இதுதான்: விரல் நீளப் பிளாஸ்டிக் சிப்பாய்களை ஒட்டி, பெயிண்ட் அடித்து, மேஜைமேல் நிறுத்தி, பகடை உருட்டி விண்வெளிப் போர் நடத்துவது. பேரன்கள் ஆட வேண்டியது என்பாள் என் மனைவி கண்மணி. எனக்கும் சேனாபதிக்கும் பேரன்கள் இல்லை. அதனால் நாங்களே ஆடுகிறோம்.

புதிதாகச் 'சனிக்கோள் காவல்படை' வெளிவந்தது. ஒரு பெட்டி. கூடவே, அந்தப் படையின் வீரக்கதையைச் சொல்லும் நாவல். சேனாபதியின் பீரங்கிகளை உடைக்க வேறு வழியில்லை. ஆனால் பழைய படைக்கெல்லாம் பெயிண்ட் அடித்து முடிக்கும்வரை புதுப் பெட்டி வீட்டுக்குள் வரக்கூடாது. இது கண்மணியின் சட்டம்.

வாங்கினேன். கராஜில், என் டூல்பாக்ஸுக்குள் ஒளித்தேன். ஆயுத பூஜை தவிர மற்ற நாளில் கண்மணி அதைத் தொட மாட்டாள். காலண்டர் பார்த்தேன். பூஜை புதன்கிழமை. ஆகவே வியாழக்கிழமைதான் பெட்டியை உள்ளே வைத்தேன். அவ்வளவு ஜாக்கிரதை. சனிக்கிழமை காலை ஒட்டுவது. இரண்டு மணிக்கு கேம் ஷாப்பில் களமிறக்குவது.

சனிக்கிழமை காலை கராஜில் டூல்பாக்ஸ் இல்லை. பூஜையறையில் இருந்தது. பக்கத்தில் என் பெட்டி, சந்தனம் குங்குமத்தோடு. அதன்மேல் நாவல். அதன்மேல் ஒரு சாமந்திப்பூ.

"என்ன கண்மணி இது?"

"ஆயுத பூஜைங்க."

"அது புதன்கிழமையே முடிஞ்சு போச்சே!"

"அது நம்ம ஊருக்கு. வெஸ்ட் வின்ட்சருக்கு வீக்கெண்ட்லதானுங்க. தீபாவளியே அப்படித்தான பண்றோம்?"

"அந்தப் பெட்டி...?"

"டூல்பாக்ஸுக்குள்ள இருந்துச்சு. மேல படத்துல எல்லாரும் துப்பாக்கி வெச்சிருக்காங்க. சரி, ஆயுதம்தான்னு வெச்சுட்டேன். புக்கு சரஸ்வதிக்கு ஆச்சு. உங்களுதுங்களா?"

இங்கேதான் அவசரப்பட்டேன்.

"என்னுதா? நான் பார்த்ததே இல்லை."

"அப்படீங்களா. பூஜையில வெச்சாச்சு. இனி நாளைக்குத்தான் எடுக்கணும்."

"ஒரு ஸ்பேனர் மட்டும்..." என்று பெட்டிப் பக்கம் கையை நீட்டினேன்.

"ஆயுத பூஜையன்னைக்கு ஸ்பேனரா? சாமி கண்ணக் குத்தும்."

சேனாபதிக்கு போன் செய்து ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். நான் பின்வாங்கவில்லை. போர் ஒருநாள் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டுப் பூஜையறையில் போய் நின்றேன். கண்மணி கற்பூரம் காட்டினாள். பெட்டியை எடுத்தாள். என் கையில் தரவில்லை.

"இன்னைக்கு விஜயதசமி. புதுசா ஏதாச்சும் கத்துக்கணும். நான் இதக் கத்துக்கலாம்னு இருக்கேன்."

"நீயா? அது எப்படி..."

"யாருதுன்னே தெரியாதுன்னீங்களே. சாமி எனக்குக் குடுத்ததா இருக்கும்."

உண்மையைச் சொன்னால் பெட்டி கடைக்கே திரும்பிவிடும். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"சேனாபதி அண்ணன்கிட்டப் பேசிட்டேன். ரெண்டு மணிக்கு உங்களுக்குப் பதிலா நான் வர்றேன்னு."

"உனக்கு ரூல்ஸ் தெரியுமா?"

"சோறு போடறப்பெல்லாம் தோத்த கதையத்தான சொல்றீங்க? எதெல்லாம் பண்ணக் கூடாதுன்னு நல்லாத் தெரியுமுங்க. பசை எங்க? ஒட்டிக் குடுங்க."

ஒட்டிக் கொடுத்தேன்.

அன்று சேனாபதி தோற்றார். ஜெயித்தது எங்கள் வீட்டுப் படைதான். போக வர கார் ஓட்டியது நான்.