ஆமத்தூர்க் காற்றுக்குழாய்ப் போர்

வாழ்க வெள்ளைத்தாய்! கரிசல் மண் ஈன்ற கற்பகக் கொழுந்து, அழுக்குப்படை அஞ்சி ஓடும் ஆரணங்கு, பௌதிகப் பாடத்தையே படைக்கலமாய்த் தரித்த பள்ளியிறுதி வகுப்புப் பாவை, கரப்பான்பூச்சியைக் கண்டால் மட்டும் கட்டிலின்மேல் ஏறி நிற்கும் கன்னிச் சிங்கம் வாழ்க! அவள் ஆற்றிய அரும்போரைப் பாட எம் நாவுக்கு ஈரம் தருவாய், மோட்டார் போட்டால் மட்டும் முகம் காட்டும் கிணற்று நீர்த்தெய்வமே!

அறுபத்து நான்காம் ஆண்டு ஆவணித் திங்களில், கொழும்பில் கடை வைத்திருந்த தாய்மாமன் அனுப்ப, கடல் கடந்து, ரயிலேறி, விருதுநகரில் இறங்கி, மாட்டுவண்டியில் வைக்கோல் மெத்தைமேல் மணப்பெண்ணென அமர்ந்து வந்து சேர்ந்தது வெண்மேனியும் வட்டவாயும் கொண்ட துணி துவைக்கும் இயந்திரம். அதைச் சுற்றி மும்முறை நடந்தார் அவள் தந்தை உக்கிரபாண்டி. முன்னாளில் சிவகாசி வெடிக் கம்பெனியில் போர்மேனாய் வீற்றிருந்து, ஒரு தீப்பொறிக்கும் இடங்கொடாத மீசை வேந்தர். நடந்தவர் முற்றம் அதிர முழங்கினார்:

"இந்தா பாரு வெள்ளத்தாயி. ஒங்கம்மைக்கு இடுப்பு முடியல. மிஷினு ஓடுச்சுன்னா நீ பள்ளிக்கூடம் போ. ஓடலைன்னா படிப்ப நிப்பாட்டிட்டு வீட்டுத் துணிய நீதான் தொவைக்கணும். அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான் என்ற அச்சொல் முற்றத்தில் இடியென இறங்கிற்று. ஆயினும் கரித்துண்டைப் பற்றி, கழிவுநீர் செல்லும் பாதையைச் சுவரிலேயே வரைந்தாள் வீராங்கனை. வரைந்ததைக் கண்டு நகைத்தார் கரணை ஏந்திய காளை, கொத்தனார் சோணைமுத்து.

"தரையோட தரையா ஒரு ஓட்டையப் போட்டா தண்ணி தானா ஓடிரும் தாயி. இதுக்குப் போயிப் படமெல்லாம் வரையிறீகளே!"

"ஓடிரும்ணே. அதான் பயமா இருக்கு. ஊத்த ஊத்த ஓடிரும். உள்ள துணி மட்டும் காஞ்சுபோயிக் கெடக்கும். குழாய் வாயி மிஷின் தண்ணி மட்டத்தவிட உசரமா நிக்கணும்."

"சரி, நிக்கட்டும். மொட்டமாடிக்கு மேல ஒரு குழாய் போட்டிருக்கீகளே, அதுல எந்தத் தண்ணி வரும்?"

"தண்ணி வராது. காத்து போகும், வரும். அது இல்லாட்டி தண்ணி மூச்சு முட்டி நின்னுரும்ணே."

"காத்துக்குக் குழாயா! ஒங்க வீட்டுக் காத்துக்கு ராசயோகம்தான் போங்க."

நகைத்தபடியே கட்டினார் நல்லவர். இடுப்புயரத்தில் வாய் திறந்த நிலைக்குழாய். அதன் அடியில், நாற்றமென்னும் பகைவன் நுழையாவண்ணம் நீரையே கதவாய்த் தாங்கிய வளைவு. அதைக் கடந்ததும் அடுப்படியில் பாத்திரம் கழுவும் அங்கணத்துக் கழிவோடு கைகோத்துக் கொல்லை வாழைகளைச் சென்றடையும் மண்குழாய். அந்தச் சந்திப்பிலிருந்து கிளம்பி மொட்டைமாடியைத் துளைத்து வானை நோக்கிய காற்றுக்குழாய். சனிக்கிழமை மாலை குடம் குடமாய் ஊற்றிப் பார்த்தார்கள். வைப்பாற்று வெள்ளம்போல் வழிந்தோடியது நீர். அன்றிரவு அவள் பயமின்றி உறங்கினாள்.

ஞாயிறு விடிந்தது. அண்டை அயலார் திரண்டு நிற்க, உக்கிரபாண்டியின் வேட்டி முதற்பலியாய் உள்ளே வீழ, இயந்திரம் மதயானையெனப் பிளிறி, சுழன்று, நுரைத்து, தன் வயிற்று நீரைக் குழாய்க்குள் உமிழ்ந்தது. உமிழ்ந்ததும் கேட்டது பாதாளத்தில் ஓர் ஓசை. கொளக். கொளகொளக்.

"ஏங்க, அங்கணத்துல நுரையாப் பொங்குது! சோத்துப்பானையத் தூக்குங்க!" என்று அடுப்படியிலிருந்து அலறினாள் தாய் பேச்சியம்மாள்.

"பேச்சியக்கா, வேட்டியத்தானே தொவைக்கப் போட்டீக, அடுப்பையுமா?" என்று அம்பெய்தாள் அடுத்த வீட்டு மாடத்தி.

"நிப்பாட்டுங்க அத! நாளைக்கே மாட்டுக்கொட்டத்துல வச்சுப் பருத்திக்கொட்ட ஊறப்போடுங்க!" என்று கர்ச்சித்த மீசை வேந்தர் மகளை நோக்கித் திரும்பினார். பள்ளி மணி தொலைவில் மங்கி மறைவதாய் அவளுக்குத் தோன்றியது. ஆயினும் அவள் அறிவு அஞ்சவில்லை: நேற்று ஓடிய நீர், அதே குழாய், அதே சரிவு. மாறக்கூடியது காற்று ஒன்றே!

பாய்ந்தாள். கையில் கிடைத்த இரும்புக் கம்பியை வேலாய் ஏந்தி ஏணியில் ஏறினாள். அங்கே கண்டாள் பகைவனை: காற்றுக்குழாயின் வாயில் களிமண்! வாணக்குழாயின் ஒரு வாயைக் களிமண்ணால் இடித்து இறுக்கிய பின்னரே வெடிமருந்திடுவது சிவகாசிச் சீமையின் மரபு. அந்த இறுக்கமும், மேலே பெருவிரலால் வழித்த அந்த மழமழப்பும் அவ்வீட்டில் ஒரே ஒருவர் கைக்கே உரியவை. உடைத்தால் அய்யாவின் கோபம், உடைக்காவிடில் துவைகல். இரு கடலுக்கு நடுவே இற்றுப்போகும் மணல்திட்டென ஒரு கணம் நின்றாள். கண்ணை இறுக மூடிக் குத்தினாள்.

களிமண் கோட்டை பிளந்தது. விருந்துண்ட பூதம்போல் வீடே அதிர ஏப்பமிட்டது குழாய். நுரைப்படை புறமுதுகிட்டு அங்கணத்துக்குள் ஒடுங்க, வெள்ளம் வாழைகளை நோக்கி விரைந்தது.

"ஏ புள்ள! அத ஏன் ஒடைச்ச?" ஏணியின் உச்சியில் மீசை உதித்தது. "நாந்தான் விடியக்காலம் அடைச்சேன். வாயத் தொறந்து கெடக்க குழாய அப்படியே விட்டா பொறி விளுந்துராது?"

கொசுவின் குரலினும் மெலிந்த குரலில் விடையிறுத்தாள் வீராங்கனை: "அய்யா... அதுக்குள்ள மருந்து இல்லய்யா. காத்துதான் இருக்கு."

கீழே வாழைக்கு நீர் பாயும் ஓசை கேட்டது. உடைந்த களிமண் சில்லொன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார் உக்கிரபாண்டி.

"அடைப்பு எப்படி இருந்துச்சு?"

"கல்லு மாதிரி இருந்துச்சுய்யா. கம்பியே வளஞ்சுபோச்சு."

"இருக்கும்ல," என்றார், மார்பு விம்ம. பின்னர் கைப்பிடிச் சுவரருகே நிமிர்ந்து நின்று, நாற்றிசையும் நடுங்கப் பிரகடனம் செய்தார்: "எல்லாரும் கேட்டுக்கங்க! இனி இந்த வீட்டுல எந்தக் குழாய அடைக்கணும்னாலும் எம்மகளக் கேட்டுத்தான் அடைக்கணும்!"

அங்ஙனம் நுரைக்கடல் கடைந்து, களிமண் கோட்டை தகர்த்து, காற்றுக்கு வழி தந்து, மீசை வேந்தரின் சினத்தையும் வென்று, அடுப்படி காத்த அன்னலட்சுமியாய் அயலார் வாழ்த்தொலிக்க ஏணிப்படிகளில் இறங்கிய எங்கள் வெற்றிச்செல்வி வெள்ளைத்தாய், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.