நிழல் உபயம்

உலகம் தோன்றிய நாள்முதல் அரியாலையில் நிழல் தன்பாட்டில் விழுந்துகொண்டிருந்தது. கேட்பார் இல்லை. பொதுக்கூட்டம் கூட்டி, தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவுசெய்து, ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி, அதை முறைப்படி விழுத்திய பெருமை ஒளிநிழல் அபிவிருத்திச் சங்கத்தையே சாரும்.

சங்கத் தலைவர் பஞ்சலிங்கம் ஓர் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். இளைப்பாறினாரே தவிர, அதிபராக இருப்பதை அவர் இன்னும் நிறுத்தவில்லை. கொழும்பில் எங்கோ 'ஒளியும் நிழலும்' என்றொரு திறந்தவெளிக் கலைப்படைப்பைக் கண்டுவிட்டு வந்திருந்தார். கொழும்பில் இருப்பது அரியாலையில் இல்லையென்றால் ஊருக்கே இழுக்கல்லவா?

வடிவமைக்கும் பொறுப்பு கோகுலனிடம் வந்தது. அவன் நுண்கலை படித்தவன். படித்த குற்றத்துக்காகக் கலியாண வீடுகளில் மணவறை சோடித்துச் சீவிப்பவன். சங்கம் ஒதுக்கிய இடம் கடல்நீரேரிக் கரையோரத்து பஸ் தரிப்பிடம். அங்கே மரம் என்று எதுவும் இல்லை. ஊர்ப்பெயர்ப் பலகை ஒன்று உண்டு. அதன் நிழலில் ஒரு காகம் நிற்கலாம், மெலிந்த காகமாக இருந்தால்.

அங்கேதான் பாலேஸ்வரியக்கா பனையோலைக் கடகத்தில் மீன் வைத்து விற்கிறார். அவரிடம் கம்பி முறிந்த ஒரு குடை உண்டு. அதை மீனுக்குப் பிடித்துவிட்டு வெயிலைத் தான் எடுத்துக்கொள்வார். பின்னேரமானால் தலையிடியோடு வீட்டுக்குப் போவார். கோகுலன் அவரிடம் கறிக்கு மீன் வாங்கி வளர்ந்த பிள்ளை.

"அக்கா, இனி உங்களுக்கு இதிலை நிழல் வரும்," என்றான்.

"எங்கையிருந்து?"

"கலையிலையிருந்து."

"அப்ப குடையைக் கவனமா வைச்சிருப்பம்," என்றார் அவர்.

கலைக்குக் காசு வெளிநாட்டிலிருந்து வந்தது. காசு வந்தால் பெயர் போடவேண்டும். இது ஊரின் மாறாத மரபு. கோயில் மணியிலிருந்து சுடலை மதில் வரை உபயகாரரின் பெயரில்லாத பொருள் அரியாலையில் இல்லை. கோகுலனின் மூளை இந்த இடத்தில்தான் 'கலைநயத்துடன்' வேலை செய்தது. உபயகாரரின் பெயர்களையே இரும்புத் தகட்டில் பெரிய பெரிய எழுத்தாக வெட்டி, தூண்களின் மேல் பந்தல் போலப் படுக்கவைத்தால்? பெயர்களே நிழலாக விழும். பெயர் நீண்டால் நிழல் பெருகும். ஊரின் பெருமையில் பாலேஸ்வரியக்கா இளைப்பாறுவார். இந்த உள்நோக்கத்தை மட்டும் அவன் கூட்டத்தில் சொல்லவில்லை.

"ஐயா, வெறும் பஞ்சலிங்கம் எண்டு போட்டால் மொட்டையாக் கிடக்கும். இளைப்பாறிய அதிபர் எண்டும் சேர்ப்பமே?"

"அகில இலங்கை சமாதான நீதவான் பட்டத்தையும் சேர் தம்பி. எனக்கு உதுகளிலை ஆசையில்லை. நிழல் வடிவா விழவேணுமெண்டுதான் சொல்லுறன்."

சமாதான நீதவானின் கீழ் ஒரு பெட்டி இறால் வாடாமல் கிடக்கும் என்று கோகுலன் மனக்கணக்குப் போட்டான்.

ரொறன்ரோவில் இருக்கும் பத்மாசினிதான் பெரிய உபயகாரி. 'அமரர் சைவநெறிச் செல்வர் முன்னாள் தர்மகர்த்தா ஆழ்வாப்பிள்ளை' என்று தகப்பனின் பெயரை அனுப்பினார். கோகுலனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு குடும்பமே குடியிருக்கக்கூடிய பெயர்! அதை நட்டநடுவில், பாலேஸ்வரியக்காவின் இடத்துக்கு நேர்மேலே வைத்தான்.

"காலமை விழுகிற இடத்திலைதான் பின்னேரமும் விழுமோ?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லை ஐயா. சூரியன் நகர நிழலும் நகரும்."

"ஆரைக் கேட்டு?"

வினா கூட்ட அறிக்கையில் பதியப்பட்டு, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

திறப்பு விழா அமோகமாக நடந்தது. திறக்காத நிழலில் இருப்பது முறையல்ல என்பதால், விருந்தினருக்கு வாடகைக்குத் தகரப் பந்தல் போட்டார்கள். மங்கள விளக்கு எரிந்தது. பேச்சாளர்கள் ஒளியைப் பற்றி உச்சி வெயில் வரும்வரை பேசினார்கள். நாடா வெட்டியதும் பாலேஸ்வரியக்கா கடகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, ஆழ்வாப்பிள்ளையின் நிழலில் வைத்துவிட்டு இருந்தார். வெயிலுக்குச் சுருங்காத அவருடைய முகத்தைக் கோகுலன் அன்றுதான் பார்த்தான். இளமையான முகம்.

விழாவை நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்த தலைவரின் கைப்பேசியிலிருந்து ரொறன்ரோ அலறியது.

"ஐயோ! அப்பான்ரை பேரிலை ஆரோ திரளி மீன் வைச்சிருக்கு!"

"அது நிழல்தானே பிள்ளை..."

"நிழலெண்டாலும் அப்பா! சாகுமட்டும் சைவம்! உங்கை சனம் முழுக்க அவரை மிதிச்சுக்கொண்டெல்லோ நிக்குது!"

பஞ்சலிங்கம் குனிந்து பார்த்தார். தன்னுடைய 'சமாதான'த்தின் மேல் தானே நின்றுகொண்டிருந்தார். பதறித் துள்ளி 'நீதவான்' மேல் போய் விழுந்தார்.

அவசரக் கூட்டம் அங்கேயே கூடியது. உபயகாரரின் பெயர்களைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி. நிழல் நகரும் என்று கோகுலனே சொல்லியிருந்தபடியால், அது நாள் முழுக்க எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் வேலி. 'நிழல் பார்வைக்கு மட்டும்' என்று ஒரு பலகை.

"ஐயா, நிழல் சனம் நிக்கிறதுக்கெல்லோ?" என்று கோகுலன் கெஞ்சினான்.

"நீ கலைஞன், உனக்கு விளங்குமெண்டு நினைச்சன். நிக்கிறதுக்கெண்டால் ஒரு வேப்பமரம் காணாதோ?"

வேலிக்கு வெளியே தப்பியது ஒரேயொரு பெயர். ஓரத்தூணில் சின்னதாக, 'கோகுலன்'. அவன் காசு தந்தவனல்லன். அவனை மிதித்தால் அலற வெளிநாட்டில் ஆளும் இல்லை.

அடுத்த நாள் காலமை அவன் பாலேஸ்வரியக்காவின் கடகத்தைத் தானே தூக்கி வந்து தன் பெயரின் நிழலில் வைத்தான்.

"உனக்கொரு பட்டமும் இல்லையே தம்பி? உது கடகத்துக்கு மட்டும்தான் காணும்."

"காணும் அக்கா. இனிக் குடை உங்களுக்கு."

அவர் சிரித்தபடி குடையை விரித்து, முதன்முதலாகத் தன் தலைக்குப் பிடித்தார். காலை மேற்பார்வைக்கு வந்த பஞ்சலிங்கம் சைக்கிளை நிற்பாட்டினார். வேலிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"பிள்ளை, குடையை ஒருக்கா மடக்கு. உன்ரை நிழல் உள்ளுக்கை போய் ஆழ்வாப்பிள்ளை ஐயாவிலை படுது."

பாலேஸ்வரியக்கா குடையை மடக்கவில்லை.

"எங்கடை நிழல் உங்களிலை படக்கூடாதெண்டுறது இஞ்சை பழைய கதையல்லோ ஐயா? அதுக்கேன் புதிசா இவ்வளவு இரும்பு?"