ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுத்த வைரஸ்

அம்புக்குறி தானாக நகர்ந்தது.

நிதினின் இரண்டு கைகளும் காபி டம்ளரைப் பிடித்திருந்தன. லேப்டாப் திரையில் மின் கட்டணப் பக்கம் திறந்திருந்தது. அம்புக்குறி மட்டும், தண்ணீரில் விழுந்த எறும்பு மாதிரி, இடப்பக்கம் கொஞ்சம் போனது. நின்றது. மறுபடி கொஞ்சம் போனது.

அவன் டம்ளரை மேசைமேல் வைத்தான். அம்புக்குறி அசையவில்லை. அவன் பார்த்துவிட்டான் என்று அதற்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

லேப்டாப் ஹம்சினியுடையது. அவள் ஆடியில் இறந்துபோனாள். இப்போது மாசி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். அந்த வகுப்புகளின் வீடியோக்கள் ஒரே ஃபோல்டரில் இருந்தன. அவளுடைய போன் ஆஸ்பத்திரியில் தொலைந்துவிட்டதால், அவள் குரல் இந்த உலகத்தில் வேறெங்கும் மிச்சமில்லை.

நிதின் அந்த ஃபோல்டரை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. ஆனால் அது அங்கே இருந்தாக வேண்டும். ஆபீஸிலிருந்து வந்ததும் லேப்டாப்பைப் போட்டு, ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்ப்பான். இருக்கும். பிறகு வேறு வேலை பார்ப்பான்.

ஹாலை ஒட்டிய அறையின் கதவு திறந்தது. சாராள் வெளியே வந்தாள். கோவளத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வரும் பிசியோதெரபிஸ்ட். உள்ளே இருப்பவர் ஸ்ரீனிவாசராகவன், நிதினின் மாமனார். மகள் போன துக்கம் ஆறுவதற்குள் பக்கவாதம் வந்து, வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் பாதி போய்விட்டது. சிங்கப்பெருமாள் கோயில் வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவர் மனைவி முன்பே காலமானவர். அதனால் நிதின் கேளம்பாக்கம் ஃப்ளாட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான். இரண்டு ஆண்கள், இரண்டு பேருக்கும் மனைவி இல்லை, பேச ஒன்றுமில்லை. பயிற்சி நேரத்தில் மாமனார் கதவைச் சாத்திக்கொள்வார். தன் கை படும் பாட்டை மாப்பிள்ளை பார்ப்பதில் அவருக்கு விருப்பமில்லை.

"சார், அந்தப் பந்து வாங்கினீங்களா? கைக்குள்ள வெச்சு அமுக்கறது?" என்றாள் சாராள்.

"நாளைக்கு."

"போன வாரமும் நாளைக்குத்தான் சொன்னீங்க. சரி வுடுங்க, இருக்கறத வெச்சு ஓட்டிக்கறோம்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். நிதின் அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அம்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மாலையும் அது நகர்ந்தது. இந்த முறை நன்றாகவே, திரையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை.

கீழ்த்தளத்தில் தண்ணீர் கேன் வியாபாரம் செய்யும் வெங்கடேசனிடம் சொன்னான். தையூர்க்காரர். நிலத்தை விற்று லோடு வேன் வாங்கியவர். எதைப் பற்றியும் கருத்துச் சொல்வார்.

"வைரஸா? அதுக்கெல்லாம் இன்னாத்துக்கு மச்சான் ஆன்டிவைரஸு? உன் வூட்டு கம்ப்யூட்டர்ல இன்னா கீது, நகைப் பெட்டியா? கம்ப்யூட்டரோடவே ஒண்ணு வருதில்ல, அது போதும்."

"அது ஒண்ணும் கண்டுபிடிக்கலையே."

வெங்கடேசன் கேனை இறக்கி வைத்துவிட்டு யோசித்தார். "அப்ப ஃப்ரீயா ஒண்ணு கெடைக்குது, போட்டுக்கோ. தேவையில்லதான். ஆனா சும்மா குடுக்கறத ஏன் வுடணும்?"

நிதின் இலவசமானதைப் போட்டான். அது வீடு முழுக்கத் தேடிவிட்டு ஒரு குற்றமும் இல்லை என்றது. பிறகு கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை சிவப்புப் பெட்டி ஒன்றைக் காட்டி, நீங்கள் பேராபத்தில் இருக்கிறீர்கள், காசு கொடுத்தால் காப்பாற்றுகிறேன் என்றது. லேப்டாப் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அம்புக்குறி நின்றபாடில்லை.

அடுத்த வாரக் கடைசியில் அது அழுத்தவும் கற்றுக்கொண்டது. மாமனாரின் பென்ஷன் விண்ணப்பத்தை நிதின் பாடுபட்டு நிரப்பி முடித்திருந்தான். அம்புக்குறி மெதுவாக மேலே ஊர்ந்தது. பெருக்கல் குறிமேல் போய் நின்றது. டக். பக்கம் மூடிக்கொண்டது.

பென்ஷன் விண்ணப்பம் போனால் போகட்டும். இதே மாதிரி ஒரு டக்கில் அந்த ஃபோல்டரும் போகலாம்.

சனிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனான். கிச்சா என்கிற கிருஷ்ணமாச்சாரி அங்கே ரிப்பேர் கடை வைத்திருந்தார். கிச்சா லேப்டாப்பைத் திறந்தார். முதலில் கண்ணில் பட்டது திரையின் உச்சியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு.

"என்ன சார் இது, நெத்தியில பொட்டெல்லாம் வெச்சிண்டிருக்கு?"

"கேமராவை மறைக்கச் சொல்லி எங்கேயோ படிச்சேன். வீட்ல வேற ஒண்ணும் அகப்படலை."

பீரோக் கண்ணாடியில் ஹம்சினி ஒட்டி வைத்திருந்த பொட்டு அது. அதை நிதின் சொல்லவில்லை. கிச்சாவும் மேலே கேட்கவில்லை.

"மவுஸ் கொண்டு வரலையா?"

"அது எங்கேயோ போச்சு. விரலாலேயே தேய்ச்சிப்பேன்."

கிச்சா ஒரு பக்கத்தில் பென்டிரைவைச் செருகினார். மறுபக்கத் துளையில் நகக்கண் அளவுக்குக் கறுப்பாக ஏதோ ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் இருவரும் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது அசையவில்லை. டாக்டரைக் கண்டதும் இருமலை நிறுத்திவிடும் குழந்தை மாதிரி பேசாமல் இருந்தது.

"இங்க சமத்தா இருக்கே சார்."

"வீட்ல இல்லை."

"ஆள் பார்த்து ஒளிஞ்சுக்கறது. பொல்லாத ரகம். ஃப்ரீ சமாசாரம் இதுக்குப் பத்தாது. நல்லதா ஒண்ணு போட்டுடறேன், ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை."

"உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல எது போட்டிருக்கீங்க?"

"எங்காத்துல கம்ப்யூட்டரே இல்லை சார்" என்றார் கிச்சா. "நிம்மதியா இருக்கோம்."

வீட்டுக்கு வந்ததும் பழைய காவல்காரனும் புதிய காவல்காரனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இலவசமானது, புதிதாக வந்ததைத் திருடன் என்றது. விலைக்கு வாங்கியது, இலவசமானதைத் திருடன் என்றது. இரண்டும் மல்லுக்கட்டியதில் லேப்டாப்பின் அடிப்பாகம் தோசைக்கல்லாகச் சுட்டது. நடுவில் ஒன்று, சந்தேகத்தின் பேரில் ஹம்சினியின் வீடியோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய் அடைத்துவிட்டது.

ஃபோல்டரில் ஒன்று குறைந்தது.

நிதின் இரவுச் சாப்பாட்டை மறந்தான். எங்கே அடைத்தார்கள், எப்படி விடுவிப்பது என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினான். மாமனார் அறை வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, இடது கையாலேயே ரசம் சாதம் பிசைந்து சாப்பிட்டுப் படுத்தார். கடைசியில் வீடியோ வெளியே வந்தது. நிதின் இலவசக் காவல்காரனை அழித்தான்.

மறுநாள் ஞாயிறு. முழு நாளும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான். அம்புக்குறி அசையவில்லை. போன ஞாயிறும் அசையவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெங்கடேசனிடம் சொன்னான்.

"அப்ப அது கவர்மென்ட் வைரஸ் மச்சான்" என்றார் வெங்கடேசன். "ஞாயித்துக்கெழம லீவு."

திங்கள் மாலை அது வேலைக்குத் திரும்பியது. ஓய்வெடுத்துத் தெம்பாக வந்த மாதிரி இருந்தது. டக். கொஞ்ச நேரம் கழித்து, டக்.

நிதின் எழுந்துபோய் வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினான். எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்துகொண்டு இழுக்கிறான் என்றால், கயிறு அறுந்தது. திரும்பி வந்து திரையைப் பார்த்தான்.

டக்.

கிச்சாவுக்குப் போன் செய்தான்.

"நெட் இல்லாமலா? அப்ப வெளியில இருந்து வரலை சார். உள்ளயே உக்காந்துண்டிருக்கு."

"இப்ப என்ன செய்யறது?"

"யோசிச்சுப் பாருங்கோ. மொதல்ல நகர்ந்தது. அப்புறம் அழுத்தித்து. நாளுக்கு நாள் பலம் ஏறிண்டே போறது. இது வளர்ற ஜாதி. இனிமே எந்த மருந்தும் கேக்காது. ஃபார்மட் பண்ணிட வேண்டியதுதான்."

"எல்லாம் போய்டுமா?"

"துடைச்சு விட்ட மாதிரி."

நிதின் ஃபோல்டரைப் பார்த்தான். "சில வீடியோ இருக்கு."

"பென்டிரைவ்ல எடுத்துக்கோங்கோ. ஆனா ஃபோல்டரோட தூக்காதீங்கோ, சனியன் அதுக்குள்ள ஒட்டிண்டு வரும். திறந்து, உள்ள வீடியோ மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்கணும். அப்பவும் நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

அந்த வாரம் முழுக்க நிதின் ஃபார்மட் செய்யவில்லை. ஆபீஸிலிருந்து வருவான். லேப்டாப்பைப் போடுவான். டக் என்ற சத்தத்துக்குக் காத்திருப்பான். சாராள் வந்து கதவைச் சாத்திக்கொள்வாள், பிறகு போவாள். அவள் பந்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்தி வெகு நாளாகியிருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்புக்குறி ஊர்ந்து வந்து அந்த ஃபோல்டர்மேலேயே நின்றது. டக். ஃபோல்டர் நீலமாக மாறியது. அழிப்பதற்கு முன்னால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அப்படித்தான் நீலமாகும். நிதின் லேப்டாப்பைப் படீரென்று மூடினான்.

இனி தள்ளிப்போட முடியாது.

சனிக்கிழமை மாலை ஹால் மேசையில் உட்கார்ந்தான். சாராள் வந்து உள்ளே போயிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ எண்ணிக்கொண்டிருப்பது மெல்லக் கேட்டது. நிதின் ஃபோல்டர்மேல் அம்புக்குறியை வைத்தான். ஒருமுறை மூச்சை இழுத்து விட்டு, திறந்தான்.

வரிசை வரிசையாக ஹம்சினி. ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. பச்சைப் புடவையில் ஒன்று. தலைக்குக் குளித்துத் துண்டு கட்டியபடியே ஒன்று. அவசரத்தில் பாடம் எடுக்க உட்கார்ந்திருப்பாள். நெற்றியில் அந்தப் பொட்டு.

அவன் கையை எடுத்துவிட்டான். அம்புக்குறி முதல் வீடியோமேலேயே நின்றது. பென்டிரைவ் ஆபீஸ் பையில் இருந்தது. எழுந்து போய்ப் பையைத் துழாவினான். பென்டிரைவ் உடனே அகப்பட்டது. ஆனாலும் துழாவிக்கொண்டிருந்தான்.

முதுகுக்குப் பின்னால், டக் டக்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றாள் ஹம்சினி. "கேமராவை ஆன் பண்ணுங்கோ. தூங்கிண்டிருக்கறது யாருன்னு எனக்குத் தெரியும்."

நிதின் பையைப் பிடித்தபடி நின்றான். திரும்பவில்லை.

"முதல்ல ஹோம்வொர்க். சொன்னா சொன்ன வேலையைச் செய்யாதவா கை தூக்குங்கோ பார்ப்போம். பயப்படாதீங்கோ. எங்காத்துலயே ஒருத்தர் அப்படித்தான், ஒரு பல்பு வாங்கிண்டு வரச் சொல்லி மாசம் ஒண்ணாச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை மாதமாக வராத ஏதோ ஒன்றும் அதோடு சேர்ந்து வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் சாராள் கை தட்டினாள். யாரோ அழும் மாதிரியும் கேட்டது. நிதின் போய்க் கதவைத் திறந்தான்.

மாமனார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மடிமேல் ஒரு பலகை. பலகைமேல் அவருடைய வலது கை. அந்தக் கைக்கு அடியிலிருந்து சிவப்பு வெளிச்சம் கசிந்தது. வயர் இல்லாத மவுஸ். ஹம்சினி நாள் முழுக்கக் கையில் பிடித்திருந்தது. தொலைந்துவிட்டது என்று அவன் தேடாமலே விட்டது. லேப்டாப்பின் ஓரத்துளையில் நகக்கண் அளவுக்கு அடைத்துக்கொண்டிருந்த கறுப்புத் துண்டு, அதோடு பேசுவதற்கென்றே இருந்தது என்பது நிதினுக்கு அப்போது நினைவு வந்தது.

ஸ்ரீனிவாசராகவன் மவுஸைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. மகள் குரல் வந்துகொண்டிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

சாராளுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியாது. ஏதோ டிவி ஓடுகிறது என்று நினைத்திருப்பாள். அவள் முகமெல்லாம் சிரிப்பாக நிதின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பந்து வாங்கித் தரலைன்னு ஐயாவே அலமாரியிலேர்ந்து இத எடுத்துக் குடுத்தாரு சார், பேட்டரிகூட நான்தான் போட்டேன், நான் வராத ஞாயித்துக்கெழம தவுர தெனமும் பழகினாரு, மொதல்ல நகத்தத்தான் முடிஞ்சுது, அப்பால ஒரு தட்டு, இன்னிக்குத்தான் மொத தடவையா ரெண்டு தட்டு சேர்ந்தாப்பல தட்டினாரு!"