தட்டையா, உருண்டையா?

“தம்பி, என் சுவர்ல அப்படி என்னதான் இருக்கு?”

கேள்வி தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. மாடி பால்கனியில் கேமராவை முக்காலியில் பொருத்திவிட்டுக் குனிந்திருந்த கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். எதிர்வீட்டு மேலாளர் தன் மதில் சுவருக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

“ஒண்ணும் இல்லை சார். சும்மா.”

“நேத்தும் சும்மா எடுத்தீங்க. முந்தாநாளும் சும்மா எடுத்தீங்க. சும்மா எடுக்கறதுக்கு ஊர்ல வேற சுவரே இல்லையா?”

உண்மையில் இல்லை. பூச்சு பூசாத செங்கல் சுவர் அந்த வட்டாரத்திலேயே அது ஒன்றுதான். லென்ஸைச் சோதிக்க வேண்டுமென்றால் செங்கல் சுவரைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று லென்ஸ் பற்றி எழுதுகிற அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள். மனிதர்களைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்க அடுத்தவர் கண் முன்னால் கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, “எது தெளிவா இருக்கு, இதுவா அதுவா?” என்று கேட்பதுதான் தொழில். “ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே சார்” என்று இழுக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு உள்ளூர ஓர் இளக்காரம். இப்போது அந்தப் பாவம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்திருந்தது.

அவருடைய குட்டி கேமராவுக்கு இரண்டு லென்ஸ்களை லென்ஸ் கடையில் நம்பிக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமைக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தர வேண்டும். ஒன்று பிஸ்கட் மாதிரி தட்டை. கேமராவோடு சட்டைப்பையில் போட்டால் போட்டதே தெரியாது. ஆனால் வெளிச்சம் குறைந்தால் இருட்டில் செருப்பைத் தேடுகிறவன் போலத் தடவும். இன்னொன்று உருண்டை. எவ்வளவு மங்கலிலும் பளிச்சென்று எடுக்கும். ஆனால் சட்டைப்பையில் போட்டால், எதிரில் வருகிறவர்கள் நெஞ்சில் என்ன கட்டி என்று விசாரிப்பார்கள். இரண்டுமே அகலப் பார்வை லென்ஸ்கள். சின்ன அறையில் சுவரோடு சுவராக ஒட்டி நிற்காமலே குடும்பம் மொத்தமும் படத்துக்குள் வந்துவிடும். இரண்டிலுமே கிட்டே இழுத்துப் பார்க்கிற வசதி கிடையாது. கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் நடந்து போக வேண்டும்.

மேலாளர் கிட்டே பார்ப்பதற்கு நடந்தே வந்துவிட்டார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து மனைவி ஓடி வந்தாள்.

“ஏங்க, இந்த ஒரு வாரம் மட்டும் அவர்கிட்ட வாயைக் குடுக்காதீங்க. என் பதவி உயர்வு ஃபைல் அவர் மேசையில இருக்கு. ஆறு வருஷமா நான் காத்துக்கிட்டிருக்கற ஃபைல்.”

“நான் எங்கே வாயைக் குடுத்தேன்? சுவரைத்தானே எடுத்தேன்.”

“அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான். அந்தச் சுவரைக் கொத்தனாரைக்கூட நம்பாம அவரே கட்டினாராம். ஆபீஸ்ல வாரத்துக்கு ஒரு தடவை சொல்லுவார்.”

மேலாளர் உள்ளே வந்து, தேநீரை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, “காட்டுங்க” என்றார்.

கண்ணாடிக்காரர் காட்டினார். படத்தில் செங்கல் வரிசைகள் நடுவில் தொய்ந்திருந்தன, ஈரப் போர்வை காயப்போட்ட கொடிக்கயிறு மாதிரி. மேலாளர் திரையையும் ஜன்னல் வழியாகத் தன் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன தம்பி இது? என் சுவருக்குத் தொப்பை போட்டிருக்கீங்க?”

“நான் போடலை சார். லென்ஸோட குணம். அகலமா பாக்கற லென்ஸ் எல்லாமே கோட்டைக் கொஞ்சம் வளைக்கும். என் கடையில பவர் மாத்தினவங்க அத்தனை பேரும் மறுநாளே வந்து தரை வளையுதுன்னுதான் சொல்வாங்க. தரை நேராத்தான் இருக்கு, ஒரு வாரம் போட்டா சரியாயிடும்னு சொல்லி அனுப்பிடுவேன்.”

இருபது வருட அனுபவத்தில் அவர் ஒருவருடைய தரையையும் போய்ப் பார்த்ததில்லை.

“இன்னொரு லென்ஸ்ல?”

“இது தட்டையில எடுத்தது. அது உருண்டை. இதோ.”

உருண்டையிலும் அதே தொப்பை.

“ரெண்டுக்குமா ஒரே குணம்?”

“ஒரே இடத்துல செஞ்சது சார்.”

“என் சுவரும் ஒரே இடத்துலதான் செஞ்சது” என்று சொல்லிவிட்டு மேலாளர் எழுந்தார். தேநீர் அப்படியே இருந்தது.

மறுநாள் மாலை மனைவி கைப்பையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஃபைல் மேசையில இல்லை. அலமாரிக்குப் போயிடுச்சு.”

“அலமாரியும் அவர் ரூம்லதானே இருக்கு?”

“அந்த அலமாரிக்குள்ள போன ஃபைல் உயிரோட திரும்பி வந்ததா சரித்திரமே இல்லை. எதையாவது செஞ்சு சரி பண்ணுங்க.”

கண்ணாடிக்காரர் அன்றிரவே சரி பண்ணினார். கணினியில் உட்கார்ந்து படத்தின் வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். சுவர் நேரானது, தீட்டிய கோடு மாதிரி. அவருடைய கண்கள் சுவரை விட்டு நகரவில்லை. பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, காலையில் எதிர்வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தது மேலாளரின் மனைவி. உறையைப் பிரித்துப் படத்தைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஐயோ! இங்க வந்து பாருங்களேன்! கல்யாணத்தப்போகூட நீங்க இப்படி இல்லையே!”

அப்போதுதான் கண்ணாடிக்காரர் படத்தின் மற்ற இடங்களைப் பார்த்தார். சுவர் நிமிர்ந்த அளவுக்குப் பக்கத்தில் இருந்ததெல்லாம் ஒடுங்கியிருந்தது. இரும்புக் கேட்டை நடுவில் யாரோ பிழிந்துவிட்டது போலிருந்தது. கேட்டுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்ற மேலாளருக்கு உடுக்கை இடை வந்திருந்தது.

“இது நானா?” என்றார் மேலாளர்.

“சுவரை மட்டும் பாருங்க சார்.”

மேலாளரின் மனைவி படத்தைத் தன் போனில் எடுத்து, யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லி ஒரே ஒருவருக்கு அனுப்பினார். அந்த ஒரே ஒருவர் அலுவலகக் காசாளரின் மனைவி. மதியத்துக்குள் பிரிவு முழுக்க மேலாளருக்கு ‘உடுக்கை’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. கூடவே யாரோ கண்ணாடிக்காரரின் மனைவியிடமிருந்து முதல் படத்தையும் வாங்கி, ‘உண்மையில் சுவர் இதுதானாம்’ என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள்.

“நீ ஏன் குடுத்தே?”

“காசாளர் கேட்டார். லென்ஸ் வாங்கப் போறேன்னார்.”

“ஃபைல் இப்ப எங்க?”

“அலமாரிக்கு மேல. உடைஞ்ச ஃபேனுக்குப் பக்கத்துல.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலாளரே வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை.

“ஞாயித்துக்கிழமை என் பிரிவு மொத்தமும் என் வீட்டுக்கு வருது. எல்லாரும் என் சுவருக்கு முன்னால நிக்கப் போறாங்க. நீங்க இதே பால்கனியிலேருந்து எடுக்கப் போறீங்க. சுவர் நேரா வரணும். நான் நானா வரணும். படம் சரியா இருந்தா திங்கட்கிழமை கையெழுத்து.”

“சரியா இல்லேன்னா சார்?”

“ஃபேனுக்குத் துணையா ஒரு ஃபைல் இருந்துட்டுப் போகட்டும்.”

சனிக்கிழமை கண்ணாடிக்காரர் லென்ஸ் கடைக்கு ஓடினார். கல்லாவில் இருந்த பெண் இரண்டு டப்பாக்களையும் பார்த்து, “எதை வச்சுக்கறீங்க சார், தட்டையா, உருண்டையா?” என்றாள்.

“எது வளைக்காதோ அதை. ரெண்டுமே வளைக்குதும்மா. பழுது.”

“ரெண்டுமா?”

“படம் எல்லாம் இதுல இருக்கு. நீயே பாரு.”

அவள் மெமரி கார்டை வாங்கிக்கொண்டாள். “நாளைக்குக் கடை மூடியிருக்கும். நான் உள்ள உக்காந்து நிதானமா சோதிச்சுப் பாத்துட்டுப் போன் பண்றேன். அதுவரைக்கும் இதை எடுத்துட்டுப் போங்க. கடையோட சொந்த லென்ஸ், விக்கறதுக்கு இல்லை. கோடு போட்டா போட்ட மாதிரியே வரும்.”

மூன்றாவது லென்ஸை அவர் பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள். மேலாளர் சுவரைத் துணியால் துடைத்து வைத்திருந்தார். கண்ணாடிக்காரர் பால்கனியில் முக்காலியை நிறுத்தி, திரையைப் பார்த்தார். தொப்பை இருந்தது. முன்னைவிடத் துல்லியமாக இருந்தது.

பக்கத்தில் நின்ற மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“என்னங்க?”

“தொப்பை.”

“காசாளருக்கா?”

“சுவருக்கு. மூணாவது லென்ஸுக்கும் அதே வியாதி.”

அவள் யோசிக்க ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. “மறைச்சிடுங்க. இத்தனை பேர் எதுக்கு இருக்காங்க? நானும் போய் நிக்கறேன்.”

அவள் கீழே இறங்கித் தெருவைத் தாண்டி, மேலாளருக்குப் பக்கத்தில் நின்றாள். கண்ணாடிக்காரர் கைகளைக் குவித்துக் கத்தினார்.

“உயரமானவங்க எல்லாம் நடுவுல வாங்க! காசாளர் சார், நீங்களும் நடுவுல!”

வந்தார்கள். ஆனாலும் ஆட்களின் தோள்களுக்கு இடையில் சுவர் துருத்திக்கொண்டு தெரிந்தது.

“பின்னால போங்க! முதுகு சுவர்ல ஒட்டணும்!”

“ஒட்டியாச்சு சார்!”

“ஒட்டினா போதாது! நல்லா சாயணும்!”

“சாயுங்கய்யா, என்ன கூச்சம்?” என்றார் மேலாளர். “என் கையால கட்டின சுவர். யானை சாஞ்சாலும் தாங்கும்!”

காசாளர் யானைக்குப் பதிலாகச் சாய்ந்தார். மற்றவர்களும் தோளோடு தோள் நெருக்கிச் சாய்ந்தார்கள். இப்போது தலைகளுக்கு மேலே சுவரின் உச்சி விளிம்பு மட்டும் தெரிந்தது. அதுவும் வளைந்திருந்தது.

“சார், உச்சி தெரியுது!”

“தெரிஞ்சா என்ன? நேராத்தானே இருக்கு?”

கண்ணாடிக்காரர் மறுபடி கைகளைக் குவித்தார். “கொஞ்சம் மொட்டையா இருக்கு சார்! மேல நாலு பேர் உக்காந்தா நிறைவா இருக்கும்!”

மேலாளருக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. நாற்காலி போட்டு நான்கு பேரைச் சுவரின் மேல் ஏற்றினார். அவர்கள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, கீழே இருந்தவர்களின் தோளில் கால் இடிக்கிறதா என்று விசாரித்து, சிரித்து அடங்கினார்கள். மேலாளர் நடுவில் மார்பை நிமிர்த்திச் சுவரில் முதுகை அழுத்தி நின்றார். பக்கத்தில் கண்ணாடிக்காரரின் மனைவி, திங்கட்கிழமையை இப்போதே பார்த்துவிட்டவள் போலப் பல் தெரியச் சிரித்தாள்.

கண்ணாடிக்காரர் திரையைப் பார்த்தார். ஒரு செங்கல்கூடத் தெரியவில்லை. எல்லோரும் ‘தாம் தாமாக’ இருந்தார்கள். அந்த வாரத்தில் முதல்முறையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

“யாரும் அசையாதீங்க! இன்னும் கொஞ்சம் பின்னால அழுத்துங்க! அப்படியே, அப்படியே!”

சட்டைப்பையில் போன் அடித்தது. லென்ஸ் கடை. ஒரு கையை ஷட்டர் பொத்தானிலிருந்து எடுக்காமல், மறுகையால் போனைக் காதில் வைத்துத் தோளால் இடுக்கிக்கொண்டார்.

“சொல்லும்மா, சீக்கிரம். தட்டையா, உருண்டையா, எது பழுது?”

“ரெண்டும் நல்லாத்தான் இருக்கு சார்” என்றாள் அந்தப் பெண். “சுவர்தான் வளைஞ்சிருக்கு. அது பக்கத்துல யாரையும் நிக்க விடாதீங்க.”