தகடு காப்பாற்றிய வட்டு

மருத்துவமனையின் கணினி அறை வாசலில் காலையிலிருந்தே வரிசை. நோயாளிகள் அல்ல; பென்டிரைவ் ஏந்திய பக்தர்கள். ஒருவர் வாஷிங் மெஷினையே தள்ளிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே வட்டுச் சித்தர் அருள்பாலித்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் நடந்த அற்புதம் அப்படி! ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் கணினியில் ஒரு வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், செத்துப்போனது. மேலாளர் அலறியடித்துச் சித்தரைக் கூட்டி வந்தார். சித்தர் கணினிமேல் ஒரு செப்புத் தகட்டை வைத்தார், கண்ணை மூடினார், திறந்தார். ஒரு படம்கூடத் தொலையவில்லை.

இதில் வயிறெரிந்தவர் ஒரே ஒருவர்தான், அந்தக் கணினியை அமைத்த கணினிக்காரம்மா. அதை அமைக்க மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டவர் அவர். மூன்று நொடி கண்ணை மூடியவருக்கு மாலை.

"சார், செத்த வட்டுக்குப் பதிலா புதுசு போடணும். அதோட ஜோடியும் போச்சுன்னா எல்லாப் படமும் போச்சு. நாளைக்கு ஆபரேஷன் இருக்கறவங்க படமும் அதுலதான் இருக்கு."

"அதான் தகடு இருக்கேம்மா!" என்றார் மேலாளர்.

"எத்தனை வட்டு போனாலும் தகடு தாங்கும்," என்றார் சித்தர், கண்ணைத் திறக்காமலே.

"அப்படியா? பார்த்துடலாம்."

கணினிக்காரம்மா வரிசையில் நின்றவர்கள் கண்ணெதிரே ஒரு பழைய கணினியில் நான்கு பழைய வட்டுகளைப் போட்டு, அதே அமைப்பைச் செய்தார். தன் கால் எலும்பின் எக்ஸ்ரேயை அதில் ஏற்றினார். மேலாளர் பயபக்தியோடு தகட்டை வைத்தார். கணினிக்காரம்மா ஒரு வட்டை உருவினார். திரையில் எலும்பு பளிச்சென்று நின்றது. கைதட்டல்!

"இப்ப தகட்டை எடுங்க."

மேலாளர் எடுத்தார். எலும்பு அசையவில்லை. கைதட்டல் பாதியில் நின்றது.

"ஒரு வட்டுல எழுதறதை அதோட ஜோடியும் எழுதிக்கும். இப்படி ரெண்டு ஜோடி. ரெண்டு ஜோடியையும் சேர்த்து லினக்ஸ்ங்கற மென்பொருள் ஒரே பெரிய வட்டா நடத்துது, ஒவ்வொரு படத்தையும் துண்டு போட்டு ரெண்டு ஜோடியிலயும் பிரிச்சு வைக்குது. ஒண்ணு போனா ஜோடி தாங்கும். அதுவும் போனா? சித்தரே, தகட்டை வைங்க."

சித்தர் ஒன்றுக்கு மூன்றாக வைத்தார். கணினிக்காரம்மா ஜோடி வட்டையும் உருவிவிட்டுப் படத்தைத் திறந்தார். காலைக் காணோம். சுண்டுவிரல்கூட மிச்சமில்லை.

"அது நம்பிக்கை இல்லாதவளோட கால்!" என்று முழங்கினார் சித்தர்.

வாஷிங் மெஷின்காரர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப போன வாரம் காப்பாத்தினது எது சாமி?"

 சித்தர் வாசல் பக்கம் போனார், வந்ததைவிட வேகமாக.

சாயங்காலமே புது வட்டு வந்தது. கணினிக்காரம்மா அதை ஜோடியோடு சேர்த்தார். ஜோடியில் இருந்ததெல்லாம் புது வட்டில் பிரதியாகி, திரையில் சதவீதம் ஏறி நூறைத் தொட்டது. அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. திரும்பிப் பார்த்தால், மொத்தக் கூட்டமும் கைகூப்பி நிற்கிறது!

"தாயே, நீங்கதான் உண்மையான சித்தர்!" என்று தழுதழுத்தார் மேலாளர்.

"கையைக் கீழே போடுங்க சார். தலைக்குள்ள இருக்கே ஒண்ணு, அதுக்கு ஜோடி கிடையாது. கண்டவன்கிட்ட கழட்டிக் கொடுத்தா திரும்பி வராது."