கட்டைவிரலுக்கு இடமில்லாத கேமரா

"செத்த நேரம் பொறுங்க ஆசாரி, உள்ள போயிருச்சு" என்றான் பழனிக்குமார்.

காது குத்த ஊசியைக் கையில் எடுத்திருந்த கருப்பணன் ஆசாரி திடுக்கிட்டார். "எது தம்பி?"

"லென்ஸு."

படம் பிடிக்கிற பொத்தானும் கேமராவை அணைக்கிற பொத்தானும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எதை அமுக்குகிறோம் என்று விரலுக்குத் தெரிய வேண்டுமே. பழனிக்குமார் வடமதுரையில் டிராக்டர் மெக்கானிக். அவன் கட்டைவிரல் ஒன்றே அந்தக் கேமராவில் பாதியை மறைத்தது. யாரோ மல்லிகைப் பூ கட்டுகிற விரல்காரர்களுக்காகச் செய்த சாமான் அது.

வம்பை விலைக்கு வாங்கியவன் அவன்தான். தாய்மாமன் என்கிற முறையில் மச்சினன் முகேஷ்குமார் திண்டுக்கல்லில் ஆண்டனிராஜ் என்ற நல்ல போட்டோகிராபரை ஏற்பாடு செய்திருந்தான். "எம்புள்ள காதுகுத்த எனக்கு எடுக்கத் தெரியாதா?" என்று வீறாப்புப் பேசி, அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய சாமான் கடையில் இந்தக் கையடக்கக் கேமராவை வாங்கிவந்தான் பழனிக்குமார். குத்துகிற படம் மட்டும் விழாமல் போனால், மாமியார் ஜக்கம்மாள் அதை இனி ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிக் காட்டுவார்.

"போன்லயே எடுத்துரலாமே மாமா" என்றான் முகேஷ்குமார். அவன் மடியில் கவின், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, உட்கார்ந்திருந்தான்.

"போன்ல எடுக்கவா அம்புட்டுத் தூரம் போயி இத வாங்கிட்டு வந்தேன்? யாரும் போன நீட்டாதீங்க, வெளிச்சம் கெடுது." மனைவி பக்கம் திரும்பினான். "சுகன்யா, ஒம் பொட்டக் கழட்டு."

குலதெய்வத்துக்கு முன்னால் கட்டின புருஷன் சொல்கிற பேச்சா இது? மேளக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டார். ஜக்கம்மாளின் முகம் சுண்டியது.

"ஐயோ அத்த, பையில வச்சிருக்குற ஸ்டிக்கர் பொட்டக் கேட்டேன். பொத்தானுக்கு ஒட்ட."

ஒட்டினான். இனி கண்ணை மூடிக்கொண்டே அமுக்கலாம். அமுக்கினான். சத்தத்தையே காணோம். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி மின்ன, எண்கள் ஓடின.

"வீடியோ ஓடுது மாமா."

"நான் எங்கடா அமுக்குனேன்?"

"ஒங்க கட்டவெரலு அமுக்குது. பின்னாடி பாருங்க."

கட்டைவிரல் தானாகப் போய் உட்காருகிற இடம் பார்த்து வீடியோப் பொத்தானை வைத்திருந்தான் எவனோ ஒரு புண்ணியவான். வைத்தவனின் ஏழு தலைமுறையையும் மனதுக்குள் விசாரித்துவிட்டு, பழனிக்குமார் கேமராவைச் சூடான பணியாரம் மாதிரி விரல் நுனிகளால் பிடித்தான். அப்போதும் கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை. கீழே இருந்த வட்டப் பொத்தானில் போய் எதையோ அழுத்திவைத்தது.

"நல்ல நேரம் போகுதுங்க மாப்ள" என்றார் ஜக்கம்மாள்.

"இதோ ஆச்சு அத்த. ஆசாரி, ஊசியக் காதுல தொட்டாப்புல புடிங்க. நான் சொன்னப்புறம் குத்துங்க."

ஆசாரி பிடித்தார். திரையைப் பார்த்தால் முழுக்க ஒரே ஒரு காது. காட்சியைக் கிட்டே கொண்டுவருகிற வளையம் பொட்டு ஒட்டின பொத்தானைச் சுற்றியே இருந்தது. பொட்டின் பசை அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. யார் காது என்று பெற்ற தாயாலேயே சொல்ல முடியாது.

சரி, கேமரா தள்ளிப் போகாவிட்டால் நாம் தள்ளிப் போவோம் என்று பின்னால் நகர்ந்தான். காதோடு கன்னம் வந்தது. இன்னும் நகர்ந்தான். முகேஷ்குமாரின் மீசை வந்தது. மேலும் நகர, பட்டுச் சேலையும் அதற்குள் ஜக்கம்மாளும் வந்தார். குடும்பமே கிடைத்துவிட்ட பூரிப்பில் பொட்டை அமுக்கிவிட்டு இன்னொரு எட்டு பின்னால் வைத்தான். மொட்டையடிக்க வைத்திருந்த தண்ணீர் வாளிக்குள் கால் போய்ச் சிக்கிக்கொண்டது.

கேமராவோ படம் எடுக்காமல், விளக்கை மினுக்கிக்கொண்டு 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது.

"மாமா, டைமரப் போட்டுட்டீங்க. ஆட்டாமப் புடிங்க."

வாளியோடு ஒற்றைக் காலில் தத்தியபடி கேமராவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். அப்பன் ஆடுகிற ஆட்டத்தையும் மினுக்குகிற விளக்கையும் பார்த்துக் கவின் கெக்கெக்கே என்று சிரித்தான். 'பளிச்.'

அந்த வெளிச்சம் பட்டதுதான் தாமதம், மேளக்காரர் கொட்டித் தீர்த்தார். எட்டுத் திசையிலிருந்தும் அட்சதை விழுந்தது. "எஞ்சாமி" என்று ஜக்கம்மாள் பேரனை வாரித் தூக்கிக்கொண்டு பந்திப் பக்கம் போனார். வாளியிலிருந்து காலை உருவிக்கொண்டு பழனிக்குமார் பயந்து பயந்து படத்தைத் தட்டிப் பார்த்தான்.

விழுந்திருந்தது. ஊசி காதில், கண்கள் விளக்கில், வாய் நிறையச் சிரிப்பு. ஆண்டனிராஜ் தலைகீழாக நின்றாலும் இப்படி ஒரு படம் எடுக்க முடியாது. பழனிக்குமாருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆசாரி அவன் பக்கம் கையை நீட்டி ஏதோ கேட்டார். மேளச் சத்தத்தில் காதில் விழவில்லை. "கூலிதான ஆசாரி, எங்க போயிறப் போகுது? மொதல்ல பந்திக்கு வாங்க" என்று கத்திவிட்டுக் கேமராவோடு ஓடினான்.

பந்தியில் சோற்றைவிடக் கேமராதான் அதிகம் பரிமாறப்பட்டது. சோறும் வெஞ்சனமும் பிசைந்த கையோடு ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். "மாமா, ஒத்துக்கிறேன்" என்றான் முகேஷ்குமார். சுகன்யா புருஷன் இலையில் இன்னொரு வடை வைத்தாள்.

ஜக்கம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊசி குத்துறப்பக்கூடச் சிரிக்கிறானே, சொட்டுக் கண்ணீரு இல்லையே. மாப்ளைக்குக் கைராசி. நல்ல நேரத்துக்குள்ள முடிச்சுட்டீங்க, இந்தா எமகண்டம் பொறந்துருச்சு."

பழனிக்குமார் இத்தனை வருஷத்தில் மாமியார் வாயால் கேட்காத வார்த்தை. கூச்சத்தோடு நிமிர்ந்தான். இலைக்கு எதிரே ஊசியும் கையுமாகக் கருப்பணன் ஆசாரி நின்றார்.

"படம் எடுத்தாச்சுன்னா ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி, குத்தீருவோம்."