பென்டிரைவில் ஏறிய சாமிகள்

இதை எழுத உட்கார்ந்து, கை கூசி எழுந்து போவதே சில வருஷமாக நடக்கிறது. படித்தது பத்தாவது. பிழை வருமோ என்ற பயம் ஒரு பக்கம், சாமியைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம் மறு பக்கம். குறை சாமி மேல் இல்லை, என் மேல்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருவண்ணாமலையில் கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜில் நான் மேனேஜர். (பெயர்தான் மேனேஜர். தண்ணி மோட்டார் போடுவதும் நானே.) அந்த வருஷம் தீபத்துக்கு முந்தின வாரம் லாட்ஜ் கம்ப்யூட்டரும் வீட்டுக் கம்ப்யூட்டரும் சொல்லி வைத்தாற்போல் நத்தையாக ஊர்ந்தன. ரிப்பேர் பார்க்கும் குமார் ஒரே ஒரு பென்டிரைவை நீட்டினான்.

"ரெண்டையும் ஃபார்மேட் பண்ணணும்ணா. எது முக்கியமோ அத இதுல ஏத்திக்கோங்க. மீதி போனா போனதுதான், அப்புறம் என்ன கேக்கக் கூடாது."

வீட்டில் என் மனைவி மல்லிகா ஒரு நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டாள்.

"பொண்ணு சர்டிபிகேட்டு, காதுகுத்து வீடியோ. அவ்ளோதான்."

"நம்ம கல்யாண போட்டோ?"

"அதுல நீங்க மூஞ்ச தூக்கி வச்சிக்கினு நிக்கிறீங்க. போனா போவட்டும்."

லாட்ஜுக்கு வந்தால் எனக்கு அந்தத் தெளிவு இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் ரூம் பதிவு ஃபைலும் இருந்தது, நான் சேர்த்து வைத்த சாமி படங்களும் இருந்தன. லாட்ஜ் கணக்கை முதலில் ஏற்றிவிட்டுச் சாமியைப் பின்னால் நிறுத்துவதா? பிள்ளையாரில் தொடங்கினேன். அப்புறம் கோபுரங்கள். அப்புறம் கிரிவலம் போகும் வரிசைப்படி எட்டு லிங்கங்கள். அப்புறம் வருஷா வருஷம் எடுத்த தீப வீடியோ. (அதே மலை, அதே ஜோதி. முன்னால் நிற்பவர் மண்டை மட்டும் மாறும்.) ஒரு வருஷத்துத் தீபத்தைக்கூட விட மனசு வரவில்லை. கோயிலில் கடைசியாகக் கும்பிடும் சண்டிகேஸ்வரரோடு பென்டிரைவ் நிரம்பிவிட்டது. ரூம் பதிவு வெளியே நின்றது.

அதற்காக நான் கவலைப்படவில்லை. பதிவு எக்செல்லில் இருக்கிறது, குமார் எக்செல்லைத் திரும்பப் போடும்போது அதுவும் கூடவே வந்துவிடும் என்று நம்பினேன். (சிரிக்காதீர்கள்.)

எக்செல் வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று கட்டங்கள் மட்டும்.

தீபத்தன்று காலையில் வாசல் கொள்ளாத கூட்டம். எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: "நாங்க போன்லயே புக் பண்ணிட்டோம்." யார் பண்ணினார், யார் பண்ணவில்லை என்று எனக்குத் தெரியாது. தீபத்தன்று இந்த ஊரில் கால் நீட்டவும் இடம் கிடைக்காது. நிஜமாகப் பதிவு செய்த குடும்பத்தைக் குழந்தை குட்டியோடு தெருவில் விட்டால் பாவம் ஒரு பக்கம், என் வேலை ஒரு பக்கம்.

வேறு வழி தெரியாமல் ஒவ்வொருவராக வாசலுக்கு வெளியே கூட்டிப் போனேன். அங்கிருந்து மலை முழுசாகத் தெரியும்.

"மலையப் பாத்து சொல்லுங்க சார். புக் பண்ணீங்களா?"

பண்ணியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டே சொன்னார்கள். சாவியைக் கொடுத்தேன். பட்டு வேட்டிக்காரர் ஒருவர், "பண்ணி..." என்று தொடங்கி நிமிர்ந்து பார்த்தார். "பண்ணலாம்னுதான் இருந்தோம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். அவர் பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் சத்தமில்லாமல் நழுவினார்கள்.

முதலாளி வந்து நின்றார்.

"ஏம்பா, ரூம் குடுக்கச் சொன்னா சத்தியம் வாங்கிக்கினு இருக்க? பேக்கப் எடுத்தியா இல்லியா?"

"எடுத்தேங்க."

"மலையப் பாத்து சொல்லு."

பார்த்தேன். "சண்டிகேஸ்வரர் வரைக்கும் எடுத்தேங்க."

விஷயம் புரிந்ததும் அவர் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். "உன்ன நாளைக்கி வச்சிக்கறேன்" என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை. பதிவு செய்த எல்லோருக்கும் ரூம் கிடைத்தது, அண்ணாமலையார் புண்ணியம்.

இப்போது வீட்டில் நான் பால் வாங்கிவிட்டேன் என்றாலும் "மலையப் பாத்து சொல்லுங்க" என்கிறாள் மல்லிகா. பொண்ணும் கூடச் சேர்ந்துகொள்கிறாள். எங்கள் சமையல்கட்டு ஜன்னலிலும் மலை தெரிவது என் கிரகம். கீழ்பென்னாத்தூர் மச்சான் ஒருபடி மேலே போய், நான் ஒரு மந்திரியையே வாசலில் நிறுத்திச் சத்தியம் வாங்கியதாக விசேஷ வீடுகளில் சொல்லித் திரிகிறார்.

அதனால்தான் எழுதினேன். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நடந்தது இவ்வளவுதான். மலையைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.